மொட்டை வண்டியும் குமுளி மலையும்

அமெரிக்காவில் ஸ்லேட் என்றொரு கம்பெனி 2025 ஏப்ரலில் தன் மின்சார பிக்கப் வண்டியைக் காட்டியதிலிருந்து, அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆளில்லை. கம்பத்திலிருந்து மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குக் காய்கறி ஏற்ற நான் மின்சாரக் குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) வைத்திருப்பது தெரிந்தவர்கள் எல்லாம், “அண்ணே, உங்க வண்டிக்கு அண்ணன் பொறந்திருக்கான்” என்று எழுதி அனுப்பினார்கள்.

பார்த்தேன். இரண்டே சீட்டு. பெயிண்ட் கிடையாது, சாம்பல் நிற பிளாஸ்டிக் பேனலோடு தருவார்கள், வேண்டியவர் மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ரேடியோ இல்லை, திரை இல்லை, போனை மாட்டிவைக்க ஒரு தாங்கி மட்டும். அறிமுகத்தின்போது சொன்ன கணக்கில் பேட்டரி 52.7 யூனிட், ஓட்டம் 150 மைல், அதாவது நம் கணக்கில் 240 கிலோமீட்டர். கூடக் காசு கொடுத்தால் 84.3 யூனிட் பேட்டரி. பின்னால் ஐந்தடித் தொட்டி, சுமார் 650 கிலோ ஏற்றலாம். ஆள் ஏற்ற வேண்டுமென்றால் பிற்பாடு ஒரு கிட் வாங்கி ஐந்து பேர் உட்காரும் காராக மாற்றிக்கொள்ளலாம். அரசுச் சலுகை போக 20,000 டாலருக்குள் என்று முதலில் சொன்னார்கள். அந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு நின்றுபோனதால் அந்த விலைப் பேச்சும் நின்றுபோனது.

அங்கே பிக்கப் என்றாலே வீட்டளவு பெரிதாகி, தோல் சீட்டும் பெரிய திரையுமாக விலை எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் ‘ஒன்றுமே இல்லாத வண்டி’ அவர்களுக்குப் புதுமை. நமக்கு அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன், ஒரு ஸ்டியரிங், ஒரு தகரப் பெட்டி. அதை வைத்துத்தான் பாதிக் கம்பம் பள்ளத்தாக்கே பிழைத்தது. ஏசி கேட்டவனை விநோதமாகப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்த வீடியோவில் ஒன்று எனக்குப் பிடித்தது. வண்டி எதற்கு என்பதை விற்கிறவன் முடிவு செய்யாமல் வாங்குகிறவனுக்கு விட்டிருக்கிறான். நம் ஊரில் இதைப் பட்டறைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். சேசிஸும் கேபினும் கம்பெனியுடையது, பின்னால் பாடி நம்முடையது. மின்சார வண்டியில் இந்த எல்லை இன்னும் கறாராகிவிடுகிறது. தளத்துக்கு மேலே எல்லாம் நம் இஷ்டம். தளத்துக்குக் கீழே நாம் கைவைக்கவே முடியாது. என் வண்டியில் எனக்குக் கிடைத்த லாபமும் தொல்லையும் இந்த ஒரு கோட்டில்தான் பிரிகின்றன.

முதலில் மேலே.

பாடி கட்டப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “எவ்வளவு உயரம் போடலாம்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உங்கள் லோடு எடையில் முடிகிறதா, இடத்தில் முடிகிறதா? என் தளம் ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம், 1.45 மீட்டர் அகலம். காய்கறி டிரே பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்கு 40. வண்டி நீளத்தில் 40-ஐ வைத்தால் ஐந்து, அகலத்தில் 60-ஐ வைத்தால் இரண்டு. ஆக அடுக்குக்குப் பத்து டிரே. தக்காளி, கத்தரி மாதிரிச் சரக்கு டிரேக்கு 25 கிலோ என்றால் நாலு அடுக்கிலேயே ஒரு டன் வந்துவிட்டது. அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை, மலையில் அதற்குமேல் ஏற்றவும் கூடாது. நாலு அடுக்கு டிரே நாலடி உயரம்கூட வராது. பிறகு எதற்கு ஆறடிக் கூண்டு? கூண்டின் இரும்பு எடை சரக்கின் எடையைத் தின்னும், காற்றை வேறு தடுக்கும். மல்லித்தழை, கீரை, பூ ஏற்றுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு எடை வருவதற்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும், கூண்டு அவருக்குத் தேவைதான்.

இரும்பின் எடையைப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 3 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 23 கிலோ சொச்சம். என் தளம் 3.2 சதுர மீட்டர். தரைக்கு மட்டுமே 75 கிலோ போய்விடும். 2 மில்லிமீட்டர் போட்டால் 50. அதே இடத்துக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் 25, 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். டீசல் வண்டியில் 50 கிலோ கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் அந்த 50 கிலோவை மலையில் ஏற்றுகிற கரண்டும் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும்.

எனக்குப் பாடி கட்டிக்கொடுத்த வெல்டர் தம்பி பழகினவர். வழக்கம்போலக் கனத்த இரும்பு ஆங்கிளை எடுத்துவைத்திருந்தார்.

“இம்புட்டுக் கனம் வேணாம்ப்பா. டியூப் போட்டுக்குவோம்.”

“டியூப்புன்னா ஓரம் அடிவாங்குமேண்ணே. மண்டியில டிரேயத் தூக்கி எறியிறாய்ங்கள்ல.”

“ஓரத்துக்கு மட்டும் ஆங்கிள் போடு. மத்த எடமெல்லாம் டியூப்பு.”

அப்படியே செய்தோம். தரைக்கு பிளைவுட், அதன்மேல் டிரே உரசும் இடத்தில் மட்டும் மெல்லிய தகட்டுப் பட்டை. பக்கக் கதவு மூன்று துண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கொண்டி எடுத்து இறக்குகிற மாதிரி. குமுளியில் கடைக்குக் கடை நின்று இறக்கும்போது முழுக் கதவையும் திறக்க ரோட்டில் இடம் இருக்காது, மூன்றில் ஒன்றை மட்டும் இறக்கினால் போதும். மேலே கழற்றிவைக்கிற வளைவுக் கம்பி நாலு, மழைக்குத் தார்ப்பாய். வாழைத்தார் ஏற்றும் நாளில் கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய சாக்கும் வாழைச் சருகும் விரித்துத் தாரை நட்டமாக நிறுத்திவிடுவேன். பன்னீர் திராட்சைப் பெட்டி ஏற்றும்போது மட்டும் கம்பியும் வேண்டும், தார்ப்பாயும் வேண்டும். வெயில் பட்டால் கொத்து வதங்கி, கடைக்காரர் விலையை அங்கேயே குறைப்பார்.

இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. மின்சார வண்டியின் மேலேயே வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள். அந்தக் கரண்ட் சேசிஸ் வழியாக ஓடிக் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரைக் காலி பண்ண வாய்ப்பு உண்டு. கழற்றிக் கீழே வைத்து வெல்டிங், வண்டியில் போல்ட் மட்டும். துளை போடுவதற்கு முன்னால் அடியில் படுத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அது பேட்டரியின் உயர் அழுத்த லைன். அதன் பக்கத்தில் டிரில் மெஷினுக்கு வேலையே இல்லை. லைட், ஹாரன், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு இழுக்க வேண்டும். கண்ட ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வாரண்டியைக் கேட்டு வாய் திறக்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் பாடியின் வகை என்ன என்பதைப் பதிவு செய்யும்போதே ஆர்சியில் (பதிவுச் சான்றில்) சரியாக ஏற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டில் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போதுதான் இந்தப் பேச்சு வரும். மேலே குமுளியில் அப்படியில்லை. கேரளத்து மோட்டார் வாகனத் துறை கூடுதல் லைட்டையும் மாற்றின பாடியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். எல்லை தாண்டிப் பிழைக்கிறவன் இரண்டு மாநிலத்தில் எது கடுமையோ அதற்குத் தகுந்தபடி வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும். பெர்மிட் தலைவலி மட்டும் இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்கு, பேட்டரி வண்டிக்கு 2018-ல் மத்திய அரசு தனியாகவே விலக்குக் கொடுத்துவிட்டது.

சரி, இனி மலை. என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்கள் “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கம்பெனி சொல்கிற கிலோமீட்டர் சமதளத்துச் சோதனைக் கணக்கு. அதை மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலேயே இறக்கிவைத்துவிட வேண்டும்.

லோயர் கேம்ப்புக்கும் குமுளிக்கும் சுமார் 500 மீட்டர் உயர வித்தியாசம். ரோடு ஆறேழு கிலோமீட்டர்தான். ஒரு டன் சரக்கு, வண்டி, நான், இறக்கிவைக்க வரும் பையன் எல்லாம் சேர்த்து 2,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடையை 500 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 3 யூனிட்டுக்கு மேல் ஆகும். இது இயற்பியல், எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. மோட்டார் சூட்டில் போவது, டயர் தேய்ப்பில் போவது எல்லாம் சேர்ந்தால் 4-ஐத் தாண்டும். 20 யூனிட் சொச்சம் உள்ள பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு ஏற்றத்துக்கே போய்விட்டது. அதே கரண்டில் கம்பம், உத்தமபாளையம் பக்கம் 25 கிலோமீட்டராவது ஓட்டியிருப்பேன்.

இறங்கும்போது பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்பி வரும் என்பார்கள். வரும். ஆனால் என் தொழிலில் ஏறும்போது லோடு, இறங்கும்போது காலி. காலி வண்டி 1,300 கிலோ. அது 500 மீட்டர் இறங்கினால் கணக்குப்படியே 2 யூனிட் வராது, அதில் உராய்வும் நஷ்டமும் போகக் கையில் ஒரு யூனிட் சேர்ந்தால் பெரிசு. மேலிருந்து லோடு இறக்குகிறவருக்கு இந்த வண்டி அள்ளிக் கொடுக்கும். கீழிருந்து ஏற்றுகிறவரிடம் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மலையோரத்து ஆள் மின்சார வண்டி வாங்குவதற்கு முன்னால் ரிட்டர்ன் லோடைத் தேட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

(லோயர் கேம்ப்பில் ரோட்டோரமாகவே பெரியாறு பவர் ஹவுஸ். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாயில் இறங்கி அங்கே கரண்ட் எடுத்துக் கொடுக்கிறது. தண்ணீர் இறங்கிச் சம்பாதிப்பதை நான் ஏறிச் செலவழிக்கிறேன்.)

மலையில் இன்னொன்று. பேட்டரி நிறைந்திருந்தால் பிரேக் கரண்டை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, அப்போது மோட்டார் பிடிப்புக் குறைந்து சாதா பிரேக்கே எல்லாவற்றையும் தாங்க வேண்டிவரும். குமுளியில் யாராவது “சேட்டா, இங்கே பிளக் இருக்கு, ஃபுல்லாப் போட்டுட்டுப் போங்க” என்று அன்பாகச் சொன்னாலும் முக்கால் அளவோடு நிறுத்திவிடுவேன். வீட்டில் இரவில் போடுவது வேறு. இந்த எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மீதி என்று மீட்டர் சரியாகக் காட்டுவதற்கு, அவ்வப்போது முழுசாக ஏற்றுவதே நல்லது.

வீட்டுச் சார்ஜ் பற்றி விற்பனைக்காரர் “15 ஆம்ப் பிளக் போதும் சார்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரிக்குள் எர்த் என்று ஒரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு லைட்டைக் காட்டிவிட்டு மறுத்துவிடும். டிவியும் கிரைண்டரும் பேசாமல் ஓடும் அதே வீட்டில் வண்டி மட்டும் அடம்பிடிக்கும். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கித் தனி எர்த் போட்ட பிறகுதான் எனக்குச் சரியானது. கோடையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வோல்டேஜ் இன்னொரு தொல்லை. தோட்டத்து மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் கரண்ட் இறங்கிவிடும், சார்ஜரும் நின்று நின்று போகும். ராத்திரி பத்துக்கு மேல் போட்டால் விடியலுக்குள் முடிந்துவிடுகிறது.

வண்டி மொட்டையாக இருப்பதால் வரும் சின்னச் சின்னக் கஷ்டங்களில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனி ஆடியில் மலையில் மஞ்சு இறங்கும். கேபினில் ஏசியும் இல்லை, சூடான காற்றும் இல்லை. டீசல் வண்டியென்றால் என்ஜின் சூடாவது கொஞ்சம் உள்ளே வரும். இதில் இரண்டு பேர் மூச்சுவிட்டாலே கண்ணாடி உள்பக்கம் பூத்துப்போகும். ஜன்னலைத் திறந்தால் சாரல் மடியில் விழும். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் துளி தடவிக் காய்ந்த துணியால் துடைத்துவைத்தால் ஒரு நடைக்குத் தாங்குகிறது. ரேடியோ இல்லாதது எனக்கு ஒரு குறையே இல்லை. என்ஜின் சத்தமும் இல்லாததால் பின்னால் டிரே நகர்ந்தால்கூடக் காதில் விழுகிறது. எதிரே வளைவில் நடந்துவருகிறவருக்குத்தான் நம் வண்டி காதில் விழாது, ஹாரனைக் கூடுதலாக அடித்தாக வேண்டும்.

இப்போது தளத்துக்குக் கீழே. ஒரு தடவை கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் மஞ்சள் லைட் எரிந்து, வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது. சரக்கோடு நிற்கிறேன். டீசல் வண்டியாக இருந்தால் கம்பத்து மெக்கானிக் பைக்கில் வந்து, ஒரு ஸ்பானரும் கம்பித் துண்டும் வைத்து ஊர் போய்ச் சேருகிற அளவுக்காவது ஆக்கிக் கொடுத்திருப்பார். அவர் வந்தார், கீழே குனிந்து பார்த்தார். “இதுல நான் தொட எதுவுமே இல்லையேண்ணே” என்று சொல்லிவிட்டு, பாவம், சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற உதவினார். லேப்டாப் வைத்திருக்கிற ஆள் வந்து பார்த்தபோது ஒரு சென்சார் இணைப்பில் ஈரம், அவ்வளவுதான். துடைத்து மாட்டினார், சரியாகிவிட்டது. ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ வர மறுநாள் மதியம் ஆனது. மின்சார வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. பின்சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், ஆகவே தூக்கி வைத்துக் கொண்டுபோகிற வண்டிதான் கூப்பிட வேண்டும். வாங்குவதற்கு முன்னால் சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்டு, முடிந்தால் அவர் நம்பரையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் நம்பர் ராத்திரியில் எடுக்காது.

ஸ்லேட்காரர்கள், சொந்தக்காரரே கழற்றி மாட்டலாம், அதற்குப் பாடமும் நடத்துவோம் என்கிறார்கள். பேனல், பம்பர், சீட்டு மட்டும்தானா, கன்ட்ரோலர் வரைக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டிக்கர் மாற்றுவதை நான் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன்.

காசுக் கணக்கு சுருக்கமாக. மலையும் சமதளமும் கலந்த ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு 1.60. டீசல் லிட்டர் 90-க்கு மேல், லோடோடு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 5.60-க்குக் கிட்டே. மிச்சம் 4 ரூபாய். டீசல் வண்டியைவிட 3 லட்சம் கூடக் கொடுத்து வாங்கினால், 75,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். தினம் 60 கிலோமீட்டர், வருஷம் 300 நாள் என்றால் நாலு வருஷத்துக்கு மேல். தினம் ஓட்டமில்லாதவர் கணக்கே போட வேண்டாம், டீசலே போதும். விற்கப்போனால் என்ன விலை வரும் என்பதற்கும் இந்தப் பக்கம் இன்னும் பிடி கிடைக்கவில்லை. பைனான்ஸ்காரர் வட்டியை ஏற்றுவதற்கு அதுவே காரணம்.

போன வருஷம் மலைமேல் ஆனவிலாசம் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் இதே மாதிரி வண்டி வாங்கலாமா என்று கேட்டார். அவர் தோட்டத்துக்குப் போகிற பாதையைப் பார்த்தேன். கல்லும் வழுக்கலுமான ஜீப் ரோடு. சின்ன டயர், தாழ்ந்த அடிப்பாகம், அடியில் பேட்டரி. காலி வண்டி பின்சக்கரம் ஈரமண்ணில் சும்மா சுற்றும். வேண்டாம் மாப்ளே என்றேன். அவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். தோட்டத்திலிருந்து மூட்டையை மெயின் ரோடு வரைக்கும் ஜீப்பில் இறக்குகிறார். அங்கிருந்து அவருடைய ஏலக்காயையும் பக்கத்துத் தோட்டத்து மிளகையும் சேர்த்து நான் ஏற்றிக்கொண்டு, கம்பம், சின்னமனூர் வழியாகப் போடி போகிறேன். மூட்டையோடு மலை இறங்கும்போது மீட்டர் முள் மேலே நகர்வதைப் பார்த்துவிட்டு, வாடகையில் பாதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் பேசி முடியவில்லை.